தாத்தாவுக்கு மூணு ஏக்கர்

எங்கள் குடியிருப்போர் சங்கம் ஆண்டுதோறும் ஒரு சுற்றுலா நடத்தும். ஆறுபடை வீடு, நவக்கிரகத் தலங்கள், நவதிருப்பதி என்று போகவேண்டிய கோயில்களெல்லாம் தீர்ந்துவிட்டதால் செயலாளர் இந்த முறை புதிதாக ஒன்றைப் பிடித்தார். வேளாண் சுற்றுலா. நாம் சாப்பிடுவது எங்கே விளைகிறது, யார் விளைவிக்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்று நேரிலேயே போய்ப் பார்ப்பது. தலைக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால் வேன், அறை, காலை டிபன், ‘விவசாயியுடன் கலந்துரையாடல்’ எல்லாம் அதில் அடக்கம்.

எங்கள் வீட்டில் இந்த மாதிரி விஷயங்களைத் தீர்மானிப்பவர் குடும்பத் தலைவர். ரேஷன் கார்டில் அவருடைய படம்தான் இருக்கிறது. நான் உறுப்பினர் பட்டியலில் இரண்டாவது பெயர். தலைவரின் நோக்கம் தெளிவானது: ஏலக்காய் அரைக் கிலோ, திராட்சை ஒரு பெட்டி, பால்கோவா எவ்வளவு என்பதை அங்கே போய் முடிவு செய்வது. என் நோக்கம் கொஞ்சம் உயர்ந்தது. மண்ணோடு உறவைப் புதுப்பித்துக்கொள்வது. அதற்காக ஆன்லைனில் ஒரு ஓலைத்தொப்பிகூட வாங்கினேன். வந்து சேர்ந்தபோது அதன் உள்பக்கம் ‘மேட் இன் சீனா’ என்றிருந்தது. ஆனாலும் மண் எந்த நாட்டிலும் மண்தானே.

மதுரையிலிருந்து கிளம்பி உசிலம்பட்டி தாண்டி இரண்டு பக்கமும் பச்சை தெரிய ஆரம்பித்ததும் வண்டியிலிருந்த ஆண்களுக்கெல்லாம் ஒரு வேகம் வந்துவிட்டது. மூன்றாம் மாடி ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்தான் ஆரம்பித்தார். “எங்க தாத்தாவுக்கு அஞ்சு ஏக்கர் நஞ்சை இருந்துச்சு சார்.” உடனே முன்சீட்டிலிருந்து ஒரு எட்டு ஏக்கர் வந்தது. பின்சீட்டுக்காரர் தென்னந்தோப்போடு பன்னிரண்டு என்றார். ஆண்டிபட்டிக் கணவாய் வருவதற்குள் எங்கள் தாத்தாக்களின் நிலத்தையெல்லாம் கூட்டியிருந்தால் மதுரை மாவட்டம் போதாமல் சிவகங்கைக்குள்ளும் கொஞ்சம் போயிருக்கும். நானும் மூன்று ஏக்கர் போட்டேன். உண்மையில் ஒன்றே முக்கால்தான். ஆனால் எட்டும் பன்னிரண்டும் உட்கார்ந்திருக்கிற வண்டியில் ஒன்றே முக்காலைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “அதுலயும் முக்கால் பங்காளி கேஸுல கெடந்துச்சு” என்றாள்.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறுகிற சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். முதல் சில வளைவுகளில் தாத்தாக்கள் நின்றார்கள். அதற்குப் பிறகு பேச்சே நின்றது. எலுமிச்சம்பழமும் பாலித்தீன் பையும் கைமாறிக்கொண்டிருந்தன. தென்னந்தோப்புக்காரர் கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்றார்.

மேலே, கேரள எல்லைக்குள், ஏலத்தோட்டம். பெரிய மரங்களின் நிழலில் ஆளைவிட உயரமாகச் செடிகள். நாங்கள் அத்தனை பேரும் அண்ணாந்து இலைக்குள் ஏலக்காயைத் தேடினோம். சூப்பர்வைசர் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, “கீழ பாருங்க சார்” என்றார். ஏலக்காய் செடியின் தலையில் காய்ப்பதில்லை. அடித்தூரிலிருந்து கிளம்புகிற சரங்கள் தரையில் படர்ந்து, அதில்தான் பூவும் காயும். இத்தனை வருஷம் தினுசு தினுசான பாயசத்தில் மென்று துப்பியவனுக்கு அதன் முகவரி அன்றைக்குத்தான் தெரிந்தது.

காய் பறிக்கிற பெண்கள் பெரும்பாலும் தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து விடியும் முன்னே ஜீப்பில் மலையேறி வருகிறவர்கள். தரையோடு தரையாக உட்கார்ந்து, விளைந்ததை மட்டும் விரலால் தடவிப் பார்த்துக் கிள்ளுகிறார்கள். பிஞ்சை விட்டுவிட்டு, அதற்காகச் சில வாரம் கழித்து அதே செடிக்குத் திரும்ப வருகிறார்கள். நானும் பறித்துப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தது சுலபமாக இருந்தது. எழுந்திருப்பதுதான் தனித் திட்டமாகிவிட்டது. வங்கி மேலாளர் ஒரு கையையும் செயலாளர் ஒரு கையையும் பிடித்து இழுக்க, பறித்த நாலு காயும் கீழே கொட்டிவிட்டது. பக்கத்திலிருந்த அம்மா அதைப் பொறுக்கிப் பார்த்துவிட்டு, “பூராம் பிஞ்சு” என்றார். மனைவி அதற்குள் அவரோடு உட்கார்ந்து கூலி, ஜீப் வாடகை, மூத்த மகளின் பிரசவம் வரை பேசி முடித்திருந்தாள்.

காய் போகிற இடத்துக்கு ‘ஸ்டோர்’ என்று பெயர். நான் கடை என்று நினைத்துக்கொண்டு பர்ஸைத் தடவினேன். உலர்த்துகிற இடம் அது. சூட்டில் நின்று நிதானமாகக் காய வேண்டும். வேகம் காட்டினால் பச்சை நிறம் போய்விடும், நிறம் போனால் விலையும் போய்விடும். கிட்டத்தட்ட ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்து ஒரு கிலோ ஆகிறது. அதன் பிறகு காம்பு நீக்கி, சலித்து, 8 மில்லிமீட்டருக்கு மேலே உள்ளது தனி, கீழே உள்ளது தனி. மனைவி விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். பறிகூலி, விறகு, காவல், காய்ந்து குறைகிற எடை. முகம் மெல்ல மாறியது. “அப்ப மளிகைக் கடைக்காரரு நம்மள ஏமாத்தலீங்க” என்றாள். சொல்லும்போது லேசான ஏமாற்றம் இருந்தது. பல வருஷமாக நடத்தி வந்த ஒரு வழக்கு தள்ளுபடியாகிவிட்ட வருத்தம்.

இந்த ஏலக்காயெல்லாம் போடியிலும் மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்துக்குப் போகும் என்றார் சூப்பர்வைசர். வியாபாரிகள் கணினி முன்னால் உட்கார்ந்து பட்டனைத் தட்டியே விலையை ஏற்றுவார்களாம். செயலாளர் இதை மட்டும் நம்பவில்லை. தண்ணீர்த் தொட்டி கழுவுகிற ஒப்பந்தத்தை முடிவு செய்ய எங்கள் சங்கத்தில் போடப்பட்ட சத்தம் அவருக்குத்தான் தெரியும்.

ராத்திரி கம்பத்தில் தங்கல். கொசுவைத் தவிர சொல்வதற்கு ஒன்றுமில்லை.

காலையில் திராட்சைத் தோட்டம். சுற்றுலா அறிவிப்பில் ‘திராட்சைத் தோட்டம்’ என்ற வார்த்தையைப் படித்த நாளிலிருந்தே ஆண்களில் சிலர் ஒரு எதிர்பார்ப்போடு இருந்தது எனக்குத் தெரியும். இத்தாலி, பிரான்ஸ் படங்களில் பார்த்திருப்பார்கள். மரப்பீப்பாய், நீளக் கால் கண்ணாடிக் கோப்பை, மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்ப்பது. வங்கி மேலாளர் தோட்டக்காரரைத் தனியே ஓரங்கட்டி, குரலைத் தாழ்த்தி, “இங்க ஒயின் கியின் ஏதும்…?” என்று இழுத்தார். அவர் சத்தமாகவே பதில் சொன்னார்: “டாஸ்மாக் கம்பத்துலதான் சார் இருக்கு. வந்த வழிதான்.” பெண்கள் பகுதியில் பெரிய அமைதி.

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைக்கு ஊரில் பன்னீர் திராட்சை என்று பெயர். வெளியுலகத்தில் அது மஸ்கட் ஹாம்பர்க். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்கால் நட்டு, கம்பி கட்டி, தலைக்கு மேலே பந்தல் போட்டுப் படரவிட்டிருக்கிறார்கள். உள்ளே நுழைந்தால் வெயில் பச்சையாகிவிடுகிறது. கொத்துக் கொத்தாகக் கருநீலம் முகத்துக்கு நேரே தொங்குகிறது. மகாராஷ்டிரத்தில் ஆண்டுக்கு ஒருமுறைதான் அறுவடை. இங்கே ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் பழம் வெட்டுவார்கள். கவாத்து பண்ணி ஏறக்குறைய நாலு மாதத்தில் பழம். ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் கத்தரிக்கோல் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.

கலந்துரையாடல் தொடங்கியது. நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முதல் ஆளாக, “எங்க தாத்தாவுக்கும் மூணு ஏக்கர் இருந்துச்சுங்க” என்றேன்.

“அப்படியா சார். இப்ப யாரு பாக்குறா?”

“வித்தாச்சுங்க.”

“இப்ப அங்கிட்டு என்ன இருக்கு?”

“பிளாட்டு போட்டுட்டாங்க.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அடுத்து வங்கி மேலாளரின் அஞ்சு ஏக்கர். அதே கேள்வி, அதே பதில். எட்டு ஏக்கர் வந்தபோது அவர் கேள்வியைச் சுருக்கி, “வித்தாச்சா?” என்று மட்டும் கேட்டார். தென்னந்தோப்புக்காரர் வாயைத் திறப்பதற்குள், “சரி சார், வாங்க, அந்தப் பக்கம் பழம் நல்லா இருக்கு” என்று நடக்க ஆரம்பித்துவிட்டார்.

முதல் மாடி அம்மா ஒரு கொத்தை எடுத்துப் பழத்தின் மேலே வெள்ளையாகப் படிந்திருந்ததை முந்தானையால் துடைத்து, “பூராம் மருந்து” என்று உதட்டைப் பிதுக்கினார். மருந்தில்லை, பழம் தானாகப் பூசிக்கொள்கிற மெழுகு, அது அழியாமலிருந்தால்தான் பழம் புதுசு என்று அர்த்தம் என்றார் தோட்டக்காரர். இலைகளில் நீலமும் வெள்ளையுமாகத் தெரிந்ததுதான் மருந்து. மயில்துத்தமும் சுண்ணாம்பும். இதற்கு போர்டோ கலவை என்று பெயர். பிரான்சில் போர்டோ பக்கம், சாலையோரக் கொடிகளில் போகிறவர் வருகிறவர் பழத்தைப் பறித்துத் தின்றுவிடுகிறார்கள் என்று இதைப் பூசி வைப்பார்களாம். பார்த்தால் வாயில் வைக்கத் தோன்றாது. பூசிய கொடியில் மட்டும் அடிச்சாம்பல் நோய் வரவில்லை என்பதை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்து, 1885-இல் எழுதி வெளியிட்டார். ஆக, நோய்க்கு மருந்து என்பது பிறகுதான். முதலில் அது எங்களைப் போன்ற சுற்றுலாக் கோஷ்டிக்கான மருந்து.

இயற்கை விவசாயம் பற்றி யூடியூபில் பார்த்ததையெல்லாம் தொகுத்து நான் கேட்ட கேள்வி கொஞ்சம் நீளம். அவர் “ம்” என்றார். மனைவி ரெண்டே வார்த்தையில் கேட்டாள்: “மழ பேஞ்சா?”

அவர் அப்போதுதான் முதல்முறையாக வரப்பில் உட்கார்ந்தார். பழுக்கிற நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடித்துவிடும் தாயி, என்றார். நாலு மாதம் பார்த்தது ரெண்டு ராத்திரியில் அழுகிவிடும். மழை பெய்யாவிட்டால் எல்லாத் தோட்டத்திலும் பழம் நன்றாக வந்து, வியாபாரி விலையைக் கீழே இறக்கிவிடுவார். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ லாபம் இருக்கிறது. மனைவி “ச்சு” கொட்டினாள். எனக்கும் என்னவோ போலிருந்தது. அந்த நேரம் பார்த்து செயலாளர், “கிலோ அறுபதா? நாங்க மொத்தமா எடுக்குறோம், அம்பது போடுங்க” என்றார். நானும் பழக்கதோஷத்தில் “அம்பதே ஜாஸ்தி” என்றேன். கீரைக்காரம்மாவிடம் ரெண்டு ரூபாய்க்கு அரை மணி நேரம் நிற்கிற குடும்பத் தலைவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அறுபது கணக்கில் ஒரு பெட்டிக்கு எண்ணிக் கொடுத்தாள். தோட்டக்காரர் ஒரு கொத்து கூடுதலாக வைத்தார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். மண்ணோடு என் உறவு அன்று முழுக்க இந்த வடிவத்தில்தான் இருந்தது. கிளம்பும்போது, “மதுரைக்கு வந்தா அவசியம் வீட்டுக்கு வாங்க” என்று போன் நம்பரைக் கொடுத்தேன். நகரத்தான் கொடுக்கிற நம்பர். யாரும் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் கொடுப்பது.

லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபம். மேற்கே அரபிக்கடலுக்குப் போன பெரியாற்றை 1895-இல் அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்டவர். அந்தத் தண்ணீரில்தான் கம்பம் பள்ளத்தாக்கு விளைகிறது. சாயாக்கடையில்கூட அவர் படம் மாட்டியிருக்கிறார்கள். அவர் பிறந்த ஜனவரி 15-ஆம் தேதி அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். பணம் பற்றாமல் சொந்தச் சொத்தை விற்று அணையை முடித்தார் என்று அந்தப் பக்கம் ஊரே கதை சொல்கிறது. மனைவி சிலையை நிமிர்ந்து பார்த்து, “விக்கிறதுனா இப்படி விக்கணும்” என்றாள். ஆண்கள் தரப்பில் யாரும் பதில் சொல்லவில்லை. நாங்கள் செல்ஃபி எடுப்பதில் மும்முரமாக இருந்தோம்.

திரும்பும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் இல்லை. இருந்தாலும் வண்டி உசிலம்பட்டி, பேரையூர், டி.கல்லுப்பட்டி என்று சுற்றிக்கொண்டு அங்கே போனது. பெண்கள் தீர்மானம், ஒரு மனதாக. விறகடுப்பில் அகலச் சட்டி, அதில் பாலும் சர்க்கரையும், கரண்டியை நிறுத்தாத ஒரு மனிதர். வேறு எந்த ரகசியமும் இல்லை. 2019-இல் இந்தப் பால்கோவாவுக்கும் புவிசார் குறியீடு வாங்கிவிட்டார்கள். என் ரத்தத்தில் சர்க்கரை ஏற்கெனவே குறியீடு வாங்கியிருப்பதால் நான் மோந்து பார்க்க மட்டும் அனுமதிக்கப்பட்டேன். அதன்பின் இரண்டு கிலோவைத் தூக்கினேன்.

சில வாரம் கழித்து போன் வந்தது. தோட்டக்காரர். மகன் மதுரையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான், உங்கள் குடியிருப்பில் வீடு விலைக்கு வருமா என்று கேட்டார். நாலாம் மாடியில் ஒன்று காலியாக இருந்தது. அவர் தன் மனைவி, மகனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினார். கையில் ஒரு பெட்டி திராட்சை. இந்த முறை நான்தான் வழிகாட்டி. செயலாளரும் வங்கி மேலாளரும் கூட வந்தார்கள்.

“தண்ணி எங்கிட்டிருந்து வருது?”

“போர் இருக்குங்க. கோடைல மட்டும் லாரி.”

“கோடைனா எத்தன மாசம்?”

நான் பால்கனியைக் காட்டினேன். அவர் படுக்கையறைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேல் மூலையில் வெள்ளை பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினார், உதிர்ந்தது. “சாம்பல் நோய் கணக்கா இருக்கே சார்” என்றார். பெயிண்ட் புதுசு, காய்கிறது என்று செயலாளர் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. அந்த அம்மாவிடம், “மேல் வீட்டு பாத்ரூம் லீக்கு. சங்கத்துல சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

விலையைச் சொன்னோம். அவர் பேரமே பேசவில்லை. ஜன்னலருகே போய் வாகன நிறுத்தத்தையும் மதில் சுவரையும் அதற்கு அப்பால் இருக்கிற கட்டடங்களையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இந்த எடம் முன்னாடி வயக்காடா?”

“ஆமாங்க” என்றார் செயலாளர், பெருமையாக. “ரெண்டு போகம் வெளஞ்ச நஞ்சைம்பாங்க.”

“யாரு வித்தது?”

வங்கி மேலாளர் எல்லோருக்கும் முந்திக்கொண்டு, “எங்க தாத்தா இல்லீங்க” என்று சொல்லிவிட்டு லிஃப்ட் பட்டனை அழுத்தினார்.