ஃபைலைப் பேக்கரியில் வைத்த நெல்

1984-இல் டெக்சாஸில் டக்ளஸ் லெனட் என்ற மகானுபாவர், கணினிக்கு உலக ஞானம் ஊட்டப் புறப்பட்டார். திட்டத்தின் பெயர் சைக். செத்துப்போனவன் கடைக்குப் போய் எதுவும் வாங்கமாட்டான் என்பது போன்ற மாபெரும் உண்மைகளை, மெத்தப் படித்த அறிஞர்கள் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தார்கள். சம்பளம் உண்டு.

இப்படி வளர்ந்த பிள்ளையிடம் ஒருநாள் கதை சொன்னார்கள்: காலையில் ஃப்ரெட் மின்சார ரேசரில் சவரம் செய்கிறான். சைக்குக்குக் குழப்பம். மனித உடம்பில் மின்சாதனம் கிடையாது. ஃப்ரெட்டிடமோ ரேசர் இருக்கிறது. "சவரம் செய்யும்போது ஃப்ரெட் மனிதன்தானா?" என்று கேட்டது. ஊட்டி வளர்த்ததன் லட்சணம்!

பிட்ஸ்பர்க்கில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து டாம் மிட்செல் வேறு வழி பிடித்தார். ஊட்டுவானேன்? இன்டர்நெட்டில்தான் எல்லாம் கொட்டிக் கிடக்கிறதே, தானே படிக்கட்டும். 2010 ஜனவரியில் அவர் குழு ஓடவிட்ட நிரலுக்கு நெல் என்று பெயர். (வயலில் விளைவது அல்ல.) கூகுள் பணம் தந்தது, யாகூ கணினிகளைத் தந்தது, பேசிக்கொள்ளாத பங்காளிகள் ஒரே கல்யாணத்துக்கு மொய் வைத்த மாதிரி.

ஒவ்வொரு வகைக்கும் சில உதாரணம் கொடுத்தார்கள்: இவை ஊர்கள், இவை நிறுவனங்கள், இவை பேக்கரிப் பண்டங்கள். மீதியை வாக்கியத்தின் போக்கைப் பார்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னதன் மேயர் என்று வந்தால் அந்த 'இன்னது' ஊராகத்தான் இருக்கும். இரவு பகல் தூங்காமல் கோடிக்கணக்கான பக்கங்களை மேய்ந்தது நெல். கேக், ரொட்டி, குக்கீஸ் எல்லாம் சரியாகவே பேக்கரிக்குப் போயின.

வினை அங்கேதான். வலைத்தளங்கள் நம் கணினியில் ஒளித்துவைக்கும் துணுக்குகளுக்கும் குக்கீஸ் என்றே பெயர். அவற்றையும் நெல் தட்டில் அடுக்கியது. இன்டர்நெட் குக்கீஸை அழித்துவிட்டதாக எவரோ எழுதியிருந்தார். ஆகவே, அழிக்கப்படுவது பலகாரம். ஃபைல்களை அழித்ததாக இன்னொருவர். ஆகவே ஃபைலும் அடுப்பில் வெந்ததே! ஒரு தப்பு அடுத்த தப்புக்குச் சாட்சி சொல்ல, பேக்கரி நிரம்பி வழிந்தது. அபத்தமாகத் தெரிந்தாலும், தர்க்கத்தில் ஓட்டை சொல்ல முடியுமா?

முதல் ஆறு மாதம் யாரும் கை வைக்கவில்லை. பிறகு மிட்செல் குழுவே உட்கார்ந்து அவ்வப்போது திருத்தத் தொடங்கியது. 2010 அக்டோபரில் நெல்லின் கையிருப்பு 3,90,000 தகவல்கள். அதில் சுமார் 87 சதவீதம் சரி என்று மதிப்பிட்டார்கள். இன்டர்நெட்டை மட்டும் படித்து நூற்றுக்கு 87 வாங்கிய மனிதர் யாராவது உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.