காய்ச்சலுக்குச் சாட்சி

சென்னைத் தம்புச் செட்டித் தெருவிலும் அதையொத்த பழைய வியாபார வீதிகளிலும், குறுகலான மாடிப்படி ஏறிப் போனால் தட்டுப்படும் கம்பெனிக் காரியாலயங்களில், தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியைப் போலத் தவறாமல் காணக்கூடிய ஒரு பிரகிருதியை இங்கே மானேஜர் என்று மட்டும் குறிப்பிடுகிறேன். கடவுள் உண்டென்பதை எவ்வித அத்தாட்சியும் கேளாமல் ஒப்புக்கொண்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு ஆபீசுக்கு வரும் இவர், தம்முடைய குமாஸ்தாவுக்குக் காய்ச்சல் உண்டென்பதை மட்டும், முத்திரையும் பதிவு எண்ணும் தாங்கிய காகிதம் ஒன்று மேஜைக்கு வந்து சேரும்வரையில் ஒப்புக்கொள்வதில்லை.

காலை எட்டரை மணிக்கு ஒரு குமாஸ்தா போன் செய்து, "சார், உடம்பு சரியில்லை, இன்னிக்கு ஒரு நாள் லீவு வேணும் சார்" என்று சொன்னால், மானேஜர் விஷயத்தைக் கேட்பதில்லை, குரலைக் கேட்கிறார். குரல் தெளிவாக இருந்தால் வியாதி இல்லை என்று அர்த்தம். கம்மிப் போயிருந்தால் நடிப்புக் கொஞ்சம் அதிகம் என்று அர்த்தம். புதன்கிழமை வரும் காய்ச்சலிடம் அவருக்கு ஓரளவு மரியாதை உண்டு. திங்கட்கிழமைக் காய்ச்சலையும், தீபாவளிக்கு மறுநாள் வரும் வயிற்று வலியையும் (இது மட்டும் பெரும்பாலும் நிஜம் என்பது என் அபிப்பிராயம்) அவர் ஜன்மத்தில் நம்பியதில்லை. "நேத்து சாயங்காலம் நல்லாத்தானேய்யா இருந்தே?" என்று கேட்டுவிட்டு, "வரும்போது மெடிக்கல் சர்டிபிகேட்டோட வா" என்று தீர்ப்புச் சொல்லி வைத்துவிடுவார்.

தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ஆம் ஆண்டிலேயே, ஊழியருக்கு வருஷத்துக்கு 12 நாள் வரையில் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டென்று விதித்திருப்பது மானேஜருக்குத் தெரியாததன்று. ஆயினும் அந்த 12 நாளும் ஊழியருக்குச் சேரவேண்டிய பாத்தியதை என்றல்லாமல், தாம் மனமிரங்கிச் செய்யும் தானம் என்றே அவர் பாவித்து வருகிறார். அவருடைய அதிகாரம் செல்லாமற்போகும் இடம் ஒன்றே ஒன்றுதான். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த இ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்த அட்டெண்டர், மருந்தக டாக்டரின் சீட்டோடு படுத்துவிட்டால், சராசரிக் கூலியில் நூற்றுக்கு 70 பங்கை, வருஷத்தில் 91 நாள் வரையில், கார்ப்பரேஷனே கொடுத்துவிடுகிறது; அந்தத் தொகையைப் பெற்றுவரும் காலத்தில் அவரை வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ முதலாளிக்கு உரிமை கிடையாது. அந்தச் சீட்டைக் கையில் வாங்கியதும் மானேஜரின் முகம் வாடிப்போகும். "டாக்டர் உன்னைப் பார்த்தாரா, நீ டாக்டரைப் பார்த்தாயா?" என்று ஒரு கேள்வியை மட்டும் கேட்டு ஆறுதல் அடைவார்.

மற்றவர்களின் சர்டிபிகேட்டுகளை அவர் பரிசோதிக்கும் சிரத்தையோ சொல்லி முடியாது. சர்டிபிகேட் கொடுக்கும் டாக்டர், நோயாளியின் அங்க அடையாளம் ஒன்றையாவது குறித்து வைக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ கவுன்சில் விதி. ஒரு சமயம், வலது முழங்கைக்குக் கீழே மச்சம் என்று எழுதியிருக்கக் கண்ட மானேஜர், மூன்று நாள் காய்ச்சலில் மெலிந்து வந்து நின்ற குமாஸ்தாவைச் சட்டைக் கையைச் சுருட்டச் சொல்லி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் உற்றுப் பார்த்தார். மச்சம் இருந்தது, ஆகவே காய்ச்சலும் இருந்திருக்க வேண்டும் என்று தீர்மானித்துக் கையெழுத்திட்டார்.

வாரக்கணக்கில் வராதவரிடம் சான்று கேட்பது நியாயந்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மிளகு ரசத்தோடும் ஒரு பகல் தூக்கத்தோடும் தீர்ந்து, மறுநாளே மேஜைக்குத் திரும்பியிருக்கக்கூடிய ஒரு காய்ச்சல், இவருடைய ஆக்ஞையினால் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு, பஸ் ஏறி, டாக்டர் வீட்டுத் திண்ணையில் டோக்கன் வாங்கிக் காத்திருந்து, பீஸும் கொடுத்துவிட்டு வரவேண்டியிருக்கிறது. டாக்டர் எழுதுவது மூன்று நாள் ஓய்வு. காசு கொடுத்து வாங்கிய ஓய்வை வீணாக்க எந்தக் குமாஸ்தாவுக்குத்தான் மனம் வரும்? பிறகு, வேலைக்குத் திரும்பத் தகுதி உண்டென்று ஃபிட்னஸ் சர்டிபிகேட் வாங்க இன்னொரு அரை நாள். இந்தக் கணக்கை மானேஜரிடம் எடுத்துச் சொல்லலாம்; அதற்கும் சான்று கேட்பார்.

தம் உடம்பைப் பொறுத்தவரையில் அவர் லீவு போடுகிறவர் அல்லர். சென்ற ஐப்பசி மழையில் அவருக்குக் கடுமையான ஜலதோஷமும் ஜுரமும் கண்டபோது, கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு பத்து மணிக்கு முன்பே ஆஜராகி, கடமை என்றால் என்ன என்பதை மேஜை மேஜையாகப் போய் இருமி இருமி உபதேசித்தார். அந்த வாரத்துக்குள் ஐந்து பேர் படுத்தார்கள். ஐந்து சர்டிபிகேட்டுகளும் ஒரே வியாதியின் பெயரோடு, தெருமுனை டாக்டர் ஒருவருடைய கையெழுத்திலேயே வந்து சேர்ந்ததைக் கண்டதும், இதில் கூட்டுச்சதி இருப்பதாக அவருக்குத் தோன்றிவிட்டது. ஐவருக்கும் விளக்கம் கேட்டு மெமோ கொடுப்பதென்று நிச்சயித்து, டைப்பிஸ்ட் அம்மாளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வாக்கியத்துக்கு இரண்டு தும்மல் வீதம் சொல்லிக்கொண்டே போனார்.

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதி முடித்த அம்மாள், எழுந்திருக்கும்போது, "சார், நாளன்னிக்கு எனக்கு லீவு வேணும், சர்டிபிகேட்டை இன்னிக்கே வாங்கி வச்சுடட்டுமா?" என்று கேட்டாள்.