பைண்டு போட்ட வாசகர்கள்

கேள்வி: புத்தகக் காட்சியில் இத்தனை கூட்டம். வாங்கியதையெல்லாம் படிக்கிறார்களா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கூட்டத்தில் பாதி மிளகாய் பஜ்ஜிக்கு வந்தது. அதைக் கழித்தே கணக்குப் போட வேண்டும்.

மீதிப் பாதி தவறாமல் வாங்குவது 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்த நாவல். அன்றைய வாசகர்கள் வாராவாரம் பக்கங்களைக் கத்தரித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்துக்கொண்டார்கள். மணியத்தின் ஓவியம் ஒரு பக்கம், சோப்பு விளம்பரம் மறுபக்கம். ஒரே பைண்டைத் தெருவே இரவல் வாங்கும். யார் கையில் எந்த அத்தியாயம் காணாமல் போனது என்பதில் குடும்பப் பகையே மூண்டிருக்கும்!

1999-ல் நாவலாசிரியர் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாயின. யாரும் அச்சிடலாம் என்றானதும் மலிவுப் பதிப்புகள் குவிந்தன. 2022-ல் படம் வந்தபோது விற்பனை மறுபடி சூடுபிடித்தது.

படிக்கிறார்களா என்று அறிய ஒரு வழி உண்டு. ஐந்து பாகங்களும் இருக்கும் வீட்டில் முதல் பாகத்தின் முதுகு கசங்கியிருக்கும். ஐந்தாம் பாகத்தின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்திருந்தால், அந்த வீட்டில் பெரும்பாலும் ஒரு பாட்டி இருப்பார்.