ஓலையில் எடுத்த அளவு

எனக்கு முதல் செருப்பு தைத்துக் கொடுத்தவர் என் காலைப் பனையோலையால் அளந்தார். 1966, மருங்காபுரி. எனக்கு எட்டு வயது. திண்ணையில் உட்கார்ந்து காலை நீட்டினேன். அவர் வேண்டாமென்று தலையாட்டி என்னை மண்ணில் இறங்கி நிற்கச் சொன்னார். "ரெண்டு காலையும் நல்லா ஊணி நில்லு சாமி. பாரம் இறங்கினாத்தான் கால் தன் அளவைக் காட்டும்." நறுக்கிய ஓலையைக் குதிகாலில் வைத்து, நுனிவிரல் வரை நீட்டி, நகத்தால் கீறினார். இன்னொரு ஓலையை விரல்களின் அடியில் வளைத்துச் சுற்றளவு எடுத்தார். இடது காலுக்குத் தனி ஓலை. "இடது ஒரு நெல்லு நீளம் கூட இருக்கு" என்றார்.

அவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். அவர் என்னைச் சாமி என்றார், நான் அவரை நீ என்றேன். எங்கள் தெருமுனை வந்ததும் தன் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெறுங்காலோடுதான் உள்ளே வருவார். ஊருக்கெல்லாம் செருப்புத் தைத்தவர் அதே ஊரில் செருப்புப் போட்டு நடக்க முடியாத காலம் அது. தினமும் பார்த்தேன், ஒருநாளும் ஏனென்று கேட்கவில்லை. இதை விட்டுவிட்டு அந்தச் செருப்பு எத்தனை வருஷம் உழைத்தது என்று மட்டும் எழுதினால் நான் பொய் எழுதியவனாவேன்.

உழைத்தது என்னவோ உண்மை. தோலைப் பதம் செய்ததும் அவரேதான். சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து முடியைச் சுரண்டி எடுப்பார். பிறகு ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் நாள்கணக்காகக் கிடக்கும். கடைசியில் கடுக்காய், அதற்குமேல் புங்கெண்ணெய். எங்கள் பக்கம் மானாவாரிப் பூமி. ஆவாரையை யாரும் விதைக்க வேண்டியதில்லை, கரட்டிலும் தரிசிலும் தானே மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். இதே பக்குவத்தைத்தான் திருச்சி செம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்புகளில் பெரிய அளவில் செய்தார்கள். அதற்கு ஈஸ்ட் இந்தியா தோல் என்று கம்பெனிக் காலத்துப் பெயர். புதுக்கோட்டை பஸ்ஸில் போகும்போது அந்த வாசனை ஜன்னல் வழியாக ஏறும். மூக்கைப் பொத்துகிறவர்கள் நடுவில் நான் இழுத்து மோந்துபார்ப்பேன். எனக்கு அது புதுச் செருப்பின் வாசனை.

கிணற்றிலிருந்து மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலைக்குத் தோல் தைத்ததும் அவர்தான். தண்ணீர் மொள்ளும் சாலின் அடியில் யானைத் துதிக்கை மாதிரி தொங்கும் தும்பி, நாள் முழுக்கத் தண்ணீரில் முங்கி எழும். பட்டைத் தோல் எவ்வளவு நல்லதானாலும் ஓயாத நனைவுக்கு ஈடுகொடுக்காமல் கடைசியில் மக்கும். அதனால் எண்ணெய் போட்டுக்கொண்டே இருப்பார். இந்தச் சிக்கலுக்கு விடை தேடித்தான் சென்னை கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் குரோம் உப்பால் தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். அவர் மனதில் இருந்த முக்கியமான பொருள்களில் ஒன்று கவலைத் தோல். இன்று உலகத்தில் பெரும்பாலான ஷூ, பூட்ஸின் மேல்தோல் குரோம் தோல்தான். தமிழ்நாட்டில் அதன் கதை விவசாயியின் கிணற்றடியிலிருந்து கிளம்பியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிழவரின் எண்ணெய்க் கை நினைவுக்கு வரும்.

அப்பத்தா ஒருமுறை என்னை ஸ்ரீரங்கம் கூட்டிப்போனாள். பெருமாளுக்குச் சாற்றிய பெரிய தோல் செருப்புகளைக் காட்டினாள். அங்கே வழிவழியாகச் சொல்வது இது: வலது கால் செருப்பை ஒருவரும் இடது கால் செருப்பை வேறு ஊரில் இன்னொருவரும் செய்வார்களாம். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாதாம். சன்னதிக்கு வந்து சேரும்போது இரண்டும் ஒரே அளவாக இருக்குமாம். வேதாந்த தேசிகர் அந்தப் பெருமாளின் பாதுகை மேல் மட்டுமே 1008 சுலோகங்கள் பாடியிருக்கிறார். அப்பத்தா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கோ அளவின் மேல்தான் கண். மனுஷக் காலில் இடதும் வலதும் ஒன்றாக இருப்பது அபூர்வம் என்று ஓலைக்காரர் ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருந்தாரே.

1980-இல் திருச்சிப் பக்கம் துவாக்குடியில் ஒரு பட்டறையில் வெல்டராகச் சேர்ந்தேன். முதல் நாளே பூட்ஸ் கொடுத்தார்கள். கொடுத்தவர் என் காலைப் பார்க்கவில்லை. "என்ன நம்பர்?" என்றார். எனக்கு நம்பர் தெரியாது. எட்டைப் போட்டேன், அகலத்தில் நெரித்தது. ஒன்பதைக் கொடுத்தார். விரலுக்கு இடம் கிடைத்தது, நிம்மதி என்று வாங்கிக்கொண்டேன். ஒரே வாரத்தில் சுண்டுவிரல் கொப்பளித்தது, நடக்கும்போது குதிகால் எழும்பி எழும்பி விழுந்தது. காரணம் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. பாதம் மடங்கும் இடத்தில்தான் பூட்ஸும் மடங்க வேண்டும். நீளம் கூடினால் அந்த மடிப்பு இடம் தவறி, விரலை மூடும் இரும்புத் தொப்பியின் விளிம்பு ஒவ்வொரு அடிக்கும் சதையில் குத்தும். ஏணியில் ஏறும்போது ஒருநாள் குதிகால் நழுவி விழுந்தேன். கை முறியவில்லை, மணிக்கட்டு பிசகியதோடு போயிற்று.

நம்பர் என்பதே ஒரு தானியக் கணக்கு. இங்கிலாந்து அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் உள்ள தூரம் ஒரு பார்லி மணி, அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 8.5 மில்லிமீட்டர். எங்கள் ஊர்க்காரர் நெல்லால் சொன்னதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆனால் அவர் சுற்றளவையும் எடுத்தார். கடை நம்பரோ நீளத்தோடு நின்றுவிடுகிறது. நம் காலுக்கு அகலம் அதிகம். சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 கடைசியில் தொடங்கி நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேலானவர்களின் பாதத்தை முப்பரிமாணத்தில் அளந்து, இந்தியக் காலுக்கென்று 'பா' என்ற தனி அளவுமுறையை முன்வைத்தது. அகலம் போதாமல் ஒரு நம்பர் கூட வாங்கித் தொளதொளவென்று நடப்பது என் ஒருவன் கதை இல்லை, நாட்டின் கதை. அதை ஓலையும் நகமும் கொண்டு சரிசெய்த ஒரு மனிதர் எங்கள் ஊரில் இருந்தார் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அவருக்கு நாங்கள் செய்ததில் இல்லை.

அடுத்த பூட்ஸை என் காசில் திருச்சி என்.எஸ்.பி. ரோட்டில் வாங்கினேன். சாயங்காலம் போனேன், நாள் முழுக்க நின்ற கால் அப்போதுதான் முழு அளவுக்கு வீங்கியிருக்கும். வேலைக்குப் போடும் தடித்த சாக்ஸை மாட்டிக்கொண்டு, பெரிய காலான இடது காலுக்குத்தான் முதலில் போட்டுப் பார்த்தேன். நின்றபடி நுனியில் ஒரு கட்டைவிரல் அகலம் இடம், லேஸ் கட்டியபின் குதிகால் அசையாமை, பக்கத்தில் நெரிசல் இல்லாமை. போடப்போட இளகிவிடும் என்று கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் நம்பக்கூடாது. தோல் கொஞ்சம் இளகும், இரும்புத் தொப்பி இளகாது. ஐ.எஸ். 15298 இரண்டாம் பகுதித் தரத்துத் தொப்பி 200 ஜூல் அடி தாங்க வேண்டும், அதாவது சுமார் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து 20 கிலோ இரும்பு விழுந்தாலும் விரல் பிழைக்க வேண்டும். அந்தப் பாதுகாப்பு காலுக்குச் சரியான அளவில் இருந்தால்தான் உதவும்.

அந்த ஜோடி பதினோரு வருஷம் உழைத்தது. சோல் தைத்த ரகம், ஒட்டியதில்லை. மேல்தோலைச் சுற்றி ஒரு வார் ஓட, சோலை அந்த வாரோடு தைத்திருப்பார்கள். தேய்ந்தால் தையலைப் பிரித்துப் புதுச் சோல் போடலாம். இரண்டு தடவை மாற்றினேன். மாற்றித் தந்தவர் பஸ் ஸ்டாண்டு ஓரம் குடைக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். பழைய ஓட்டைகளிலேயே குத்தூசியை இறக்கி, மெழுகு தேய்த்த நூலை இரண்டு பக்கமிருந்தும் எதிரெதிராக இழுத்து இறுக்குவார். புது ஓட்டை போட்டால் வார் கிழிந்துபோகும் என்பார். அவரை அண்ணே என்று கூப்பிட்டேன். மருங்காபுரிக் கிழவருக்குக் கொடுக்கத் தவறியதை இங்கே கொடுத்துக் கணக்கைத் தீர்க்க முடியாது என்று தெரியும்.

தோல் ஒருகாலத்தில் உயிரின் சருமமாக இருந்தது, அதைச் சருமம் மாதிரியே பார்த்துக்கொள்ள வேண்டும். ராத்திரி வந்ததும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தையலோரத்துப் புழுதியைத் தட்டுவேன். மண் நூலை அரம் போல அறுக்கும். மழையில் நனைந்தால் செய்தித்தாளைத் திணித்து நிழலில் வைப்பேன். வெயிலில் போட்டால் தோல் வறண்டு மடிப்பில் வெடிக்கும். மாதம் ஒருமுறை பாலிஷ். ரொம்ப வறண்டால் மட்டும் துணியில் தொட்ட ஒரு துளி விளக்கெண்ணெய், அதற்குமேல் போட்டால் தோல் தொய்ந்துவிடும். ஒரே ஜோடியைத் தினமும் போடக்கூடாது. உள்ளே ஊறிய வேர்வை காய ஒருநாள் வேண்டும்.

பத்திரப்படுத்தினாலே போதும் என்றும் இல்லை. விலை உயர்ந்த ஒரு ஷூவை மகள் கல்யாணத்துக்கென்று பீரோ மேலே நாலு வருஷம் வைத்திருந்தேன். போட்டு நடந்தபோது சோல் புட்டு மாதிரி உதிர்ந்தது. பாலியூரித்தேன் சோலைக் காற்றின் ஈரம் உள்ளுக்குள்ளேயே சிதைத்துவிடும், போடாமல் வைத்தாலும் சரி.

போன மாதம் பேரன் துவாக்குடியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தான். போனிலேயே ஒன்பதாம் நம்பர் பூட்ஸ் வரவழைத்திருந்தான். எட்டு அகலம் பத்தலையாம். சாயங்காலம் தரையில் செய்தித்தாளை விரித்து, "ரெண்டு காலையும் ஊணி நில்லுடா" என்றேன். பென்சிலை நேராகப் பிடித்துச் சுற்றி வரைந்தேன், நூலால் சுற்றளவு எடுத்தேன். வந்த பூட்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டு, அகல ரகத்தில் எட்டு எங்கே கிடைக்கும் என்று கடைகடையாக ஏறி மூன்றாவது கடையில் கண்டுபிடித்தோம்.

நேற்று நல்ல மழை. நனைந்து வந்தவன் பூட்ஸைக் கழற்றி அடுப்படியில் கேஸ் பக்கம் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். எடுத்துவந்து திண்ணையில் வைத்தேன். இன்சோலை உருவிச் சாய்த்து நிறுத்தி, நேற்றைய பேப்பரைக் கசக்கி உள்ளே திணித்தேன். இடது பூட்ஸில் ஒரு தாள் கூடுதலாகப் பிடித்தது.