பாட்டுக்கு எண்பதாயிரம்

2003 செப்டம்பரில் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள், இணையத்தில் பாட்டுப் பகிர்ந்த 261 பேர் மேல் ஒரே நாளில் வழக்குப் போட்டன. அது முதல் தவணை. வலை என்னவோ பெரிசுதான், விழுந்த மீன்களைப் பார்க்க வேண்டுமே! நியூயார்க்கில் பன்னிரண்டு வயதுச் சிறுமி. மாசசூசெட்ஸில் அறுபதைத் தாண்டிய ஒரு பாட்டி. கசா என்ற பகிர்வு மென்பொருள் வழியாக ராப் பாட்டு பகிர்ந்தாராம். அவர் வீட்டில் இருந்தது மெக்கின்டாஷ், அதில் கசா ஓடவே ஓடாது. பிறகு மேற்கு வர்ஜீனியாவில் ஒரு மூதாட்டி. வழக்கு வருவதற்கு முன்பே 83 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார், புத்திசாலி.

வக்கீல் ஃபீஸை நினைத்துப் பெரும்பாலானோர் சில ஆயிரம் டாலரைக் கட்டிக் கழன்றுகொண்டார்கள். ஆரெகனில் ஒரு தாயோ எதிர்வழக்கே போட்டார். நிறுவனங்கள் தங்கள் வழக்கை வாபஸ் வாங்கியதோடு, அவருடைய வக்கீலுக்கும் லட்சம் டாலருக்கு மேல் அழ வேண்டியதாயிற்று.

கோர்ட்டுக்குப் போன மினசோட்டாப் பெண் ஒருவருக்கு அந்த யோகம் இல்லை. இருபத்து நான்கே பாட்டு. 2007இல் ஜூரி விதித்தது 2,22,000 டாலர். மறுவிசாரணை கிடைத்தது; 2009இல் அது 19,20,000 ஆனது! கடையில் 99 சென்ட்டுக்குக் கிடைத்த பாட்டு, தலைக்கு எண்பதாயிரம். நீதிபதிக்கே பொறுக்காமல் 54,000 ஆகக் குறைத்தார். நிறுவனங்கள் ஒப்பவில்லை. மூன்றாவது ஜூரி 15 லட்சம் என்றது, நீதிபதி மறுபடி 54,000 என்றார். 2012இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு வந்தது. சுற்றிச் சுற்றிச் சுப்பர் கொல்லை: 2,22,000.