பெரியத்தைக்கு ஒரு ஃபிரேம்

1984 தை மாதம் கும்பகோணத்தில் எங்கள் கல்யாணம். படம் எடுக்க வந்தவர் எங்கள் தெருக்காரர். பிளாஷின் பேட்டரிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே ஒரு பையன். அவருடைய யாஷிகாவில் 120 ரோல் போட்டால் 12 படம். பிறகு நிழலில் ஒதுங்கி ரோல் மாற்ற வேண்டும். கறுப்பு வெள்ளைக்கு, ஊட்டியில் மத்திய அரசு 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ ஃபிலிம். கலரில் ஒரே ஒரு ரோல். அது முகூர்த்தத்துக்கும் மாலை வரவேற்புக்கும் மட்டும் என்று அப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

அந்தப் படங்களுக்காக என் கணவரும் நானும் சேர்ந்து எதையும் தயார் செய்யவில்லை. செய்யவும் வழியில்லை. பெண் பார்க்க வந்த அன்று கூடம் நிறைய ஆட்கள் இருக்கையில் இரண்டு வார்த்தை பேசியதோடு சரி. அடுத்து மணவறையில்தான் பார்த்தோம். “தலையைக் குனிஞ்சுக்கடி” என்று அம்மா பின்னாலிருந்து சொல்வாள். “கொஞ்சம் நிமிருங்கம்மா, முகமே விழல” என்று போட்டோக்காரர் முன்னாலிருந்து கெஞ்சுவார். ஹோமப் புகை எழுந்தால் பிளாஷ் வெளிச்சம் அதில் பட்டுப் படம் வெளுத்துவிடும் என்பதால், புகை அடங்கக் காத்திருந்து எடுத்தார்.

மூன்றாம் நாள் எங்களை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனார்கள். மாடிப்படியும் தூணும் வரைந்த திரை, ஒரு நாற்காலி, கண்ணாடிக்குக் கீழே பவுடர் டப்பா, சீப்பு. நான் உட்கார, அவர் நின்றார். விளக்கைச் சரிசெய்யப் போட்டோக்காரர் அந்தப் பக்கம் போனபோது, “அன்னைக்கெல்லாம் நின்னதுல கால் வலிக்குதா?” என்று கேட்டார். என் கணவர் என்னிடம் தனியாகக் கேட்ட முதல் கேள்வி அது.

என் மகளும் மாப்பிள்ளையும் நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு படத்துக்குத் தயாராகத் தொடங்கினார்கள். கானாடுகாத்தானில் ஒரு செட்டிநாட்டு வீட்டை ஒருநாள் வாடகைக்கு எடுத்தார்கள். எந்தத் தூணருகே எந்தப் புடவை, காலை வெயில் முற்றத்தில் எத்தனை மணிக்கு விழும் என்று இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். கல்யாணத்துக்கு முன் இது என்ன கூத்து என்று உறவில் பலர் முகம் சுளித்தார்கள். நான் மகள் பக்கம்தான் நின்றேன். துணைக்குப் போயிருந்த நான் கண்ணால் பார்த்தேனே: வெயில் இறங்கக் காத்திருந்த மதியம் முழுக்க இருவரும் திண்ணையில் உட்கார்ந்து, எந்த ஊரில் குடியிருப்பது, அவளுடைய இரவு ஷிப்டை என்ன செய்வது, அவன் அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்று சண்டை போடாத குறையாகப் பேசினார்கள். எங்களுக்கு அப்படி ஒரு மதியம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் எங்கள் முதல் இரண்டு வருஷம் வேறு மாதிரி போயிருக்கும்.

கல்யாண நாளுக்கும் ஏற்பாடுகள் இருந்தன. ஆறு மணி முகூர்த்தத்துக்கு அலங்காரம் செய்பவர் நள்ளிரவு தாண்டியதுமே வந்துவிட்டார். கூறைப்புடவை அரக்குச் சிவப்பு என்பதால் மேடைக்குப் பின்னால் சிவப்புப் பூ வேண்டாம் என்று முன்பே சொல்லியாகிவிட்டது. மண்டபத்து எல்.இ.டி. விளக்குகளில் சில, கேமராவில் கோடு கோடாக விழும். முந்தின நாளே போட்டுப் பார்த்து இரண்டைக் கழற்றினார்கள். கெட்டிமேளம் கொட்டி மூன்று முடிச்சு விழும் அந்தச் சில நொடிகளில் யாரும் செல்போனைத் தூக்க வேண்டாம் என்று வாசலிலேயே பலகை வைத்தார்கள்.

இதெல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஆனாலும் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு.

என் கல்யாணத்தில் அப்பாவின் அக்கா, எங்கள் பெரியத்தை, உக்கிராண அறைப் பக்கத்துத் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார். கணவரை இழந்தவர், தாலி கட்டும் நேரத்தில் மேடைப் பக்கம் வரமாட்டார். தாயில்லாத அப்பாவை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான் என்பது தெருவுக்கே தெரியும். போட்டோக்காரருக்கும் தெரியும். ரோலில் ஒன்றிரண்டே மிச்சமிருந்தும், கூட்டத்தை விலக்கிக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் போய் ஒரு படம் எடுத்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. பெரியத்தைக்கென்று எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே படம் அதுதான்.

மகள் கல்யாணத்துக்குச் சென்னையிலிருந்து வந்த குழு தொழிலில் கெட்டி. டிரோன், சத்தமே வராத கேமரா, எல்லாம் இருந்தது. ஆனால் அங்கே யார் யாருக்கு யார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதனால் நானும் சம்பந்தியும் உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதினோம். சக்கர நாற்காலியில் வரும் தாத்தாவைக் காலைப் பந்திக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். மகளுக்குத் தலை பின்னி வளர்த்த பக்கத்து வீட்டம்மா மேடை ஏறக் கூச்சப்படுவார், கீழே போய் எடுங்கள் என்று ஒவ்வொன்றாக. அண்ணன் மகன் பட்டியலோடு நாள் முழுக்கக் குழுவுடனேயே நின்றான். மகள் அதில் தன் கையால் ஒரு வரி சேர்த்தாள்: பெரியவர்களின் ஆசிக்காகத் தாலித் தட்டைச் சபைக்கு எடுத்துப் போவது சித்தி. சித்தப்பா போய் மூன்று வருஷமாகிறது. சித்தி தயங்கினாள், மாப்பிள்ளையே இறங்கி வந்து கூப்பிட்டார். அந்தப் படம் நன்றாக விழுந்திருக்கிறது.

இப்போது ஆல்பத்துக்குப் படம் தேர்வு நடக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு பிரதி இருக்கிறது என்று சொன்னார்கள். அச்சுப் போட்டே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைப் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடிப் பிடித்துப் பாதுகாக்க முடிந்ததே, அட்டையிலும் கண்ணாடியிலுமாவது அவை கையில் எஞ்சியிருந்ததால்தான். பட்டியலில் இருந்தவர்களின் படங்கள் முதலில், கானாடுகாத்தான் படங்கள் பின்னால் என்று கேட்டேன். மாப்பிள்ளை சம்மதித்ததோடு, ஒவ்வொரு படத்தின் கீழும் பெயரும் உறவும் போடுவதாகச் சொன்னார். ராத்திரி ஆனால் போன் வருகிறது: “அத்தை, பச்சைச் சட்டை போட்ட மாமா யாரோட தம்பி?”