மாமா, அந்த டேப்பைக் கீழே வைங்க

மார்கழி காலை ஆறு மணிக்குக் கள்ளக்குறிச்சியில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு எழுத உட்கார்ந்தால் கட்டுரையாளரின் கை நடுங்கத்தான் செய்யும். குளிர் பாதி, கோபம் பாதி. தங்கிய வீட்டில் கீசர் இல்லாமல் இல்லை. அதை முந்தின நாள் ராத்திரி வீட்டுக்கார மாமா ரிப்பேர் பார்த்துவிட்டார். “இதுக்குப் போய் ஆளைக் கூப்பிடுவாங்களா மாப்ளே? பத்து நிமிஷ வேலை.”

எலக்ட்ரீஷியனை எப்போது கூப்பிட வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் டெஃப்லான் டேப்பைப் பற்றி இரண்டு வார்த்தை.

1938-ல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனியில் ராய் பிளங்கெட் என்பவர் குளிர்பெட்டிக்கான வாயு ஒன்றைத் தேடப்போய், தற்செயலாகக் கண்டுபிடித்த பொருள் டெஃப்லான். ஆராய்ச்சியில் அவர் கெட்டிக்காரர்தான். ஆனால் நம் மாமாக்களின் கையில் அது என்ன பாடுபடும் என்று யோசிக்கவில்லை. பைப் மரையின் முனை நம்மைப் பார்த்திருக்க, டேப்பைக் கடிகார முள் ஓடும் பக்கமாக நாலைந்து சுற்றுச் சுற்றினால் போதும். மாமா எதிர்ப்பக்கம் சுற்றுவார். பைப்பைத் திருகத் திருக டேப் சுருண்டு வெளியே வரும். ‘டேப் பத்தலை’ என்பார். இன்னும் சுற்றுவார், அதே எதிர்ப்பக்கம். கடைசியில் பைப் முனை பஞ்சுத் திரி மாதிரி உப்பிப் போகும். அதைப் பிளாஸ்டிக் எல்போவுக்குள் திணித்து, ரிஞ்சைப் போட்டு, மூச்சைப் பிடித்து ஒரு முறுக்கு. எல்போ விரியும். ‘இப்பல்லாம் எல்போவே தரமில்லை’ என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்புவார். புது எல்போவோடு இன்னொரு டேப்பும் வரும். தமிழ்நாட்டில் எந்த வீட்டு டிராயரைத் திறந்தாலும் பாதி தீர்ந்த டேப் உருண்டைகள் ஓடும். முழுசாகத் தீர்ந்த உருண்டையை யாரும் பார்த்ததில்லை. கேட்டால் “இருக்கட்டும், உதவும்.” எதற்கு உதவியது என்று மட்டும் கேட்கக் கூடாது.

சரி, எலக்ட்ரீஷியன்.

2019 நவம்பரில் மாவட்டத் தலைநகரான ஊர் இது. ஆள் கிடைக்காமல் இல்லை. வந்து கீசர் காயிலைக் கழற்றினால் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு உதிரும். உப்புத் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், சூடேறும்போது கால்சியம் கார்பனேட்டாகிக் காயில் மேல் படியும். சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் காயில் உள்ளுக்குள் வெந்து, மேலுறை விரிசல் விட்டால் டிரிப்பர் விழும். டேங்க் துருப்பிடிக்காமல் தன்னைக் கரைத்துக்கொள்ள ஒரு மெக்னீசியம் கம்பி உள்ளே இருக்கிறது. அதை மாற்ற வேண்டுமென்று சொன்னால், ‘ஏமாத்தறான்’ என்பார் மாமா.

மேலே கல்வராயன் மலையில், பெரிய கல்வராயன் பக்கம், சுமார் 4,000 அடி உயரம். குளிரும் அதற்கேற்ப. அங்கே விறகடுப்பில் தவலையை ஏற்றினால் வெந்நீர் தயார். தவலையில் கழற்ற ஒன்றும் இல்லை. அந்த ஒரே காரணத்துக்காக மலையேறிவிடலாமா என்று கட்டுரையாளர் யோசித்தது உண்மை.

ஆனால் நிஜமாகவே வயிற்றெரிச்சல் சேஃப்டி வால்வில்தான். 25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 65-க்குச் சூடேறினால் கிட்டத்தட்ட 400 மில்லி கூடும். திரும்பிப் போக வழியில்லாத அழுத்தம் ஏறினால், வால்வு சொட்டுச் சொட்டாக வெளியே விடும். விடவேண்டும், அதற்குத்தான் அது. லண்டனில் 1868-ல் பெஞ்சமின் மாகன் செய்த முதல் கேஸ் கீசருக்குப் புகை போக ஒரு குழாய்கூடக் கிடையாது. அத்தனை ஆபத்தைக் கடந்து வந்த பிறகு வாய்த்த வால்வு இது. மாமா அதன் வாயில் எம்-சீலைப் பிசைந்து அடைத்துவிட்டு, “பாருங்க, சொட்டு நின்னுபோச்சு” என்று சொல்லி, அத்தையிடம் காபி கேட்கிறார்.